எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சோடா குடிக்கலாமா? சோடாப் பட்டறையில் வளர்ந்தவன் கேட்கிறேன்

சோடாக்கடை மகன் (விருதுநகர் மாவட்டம், ஸ்லீவ், 7 மாதம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. 7 மாதங்களுக்கு முன்பு ஸ்லீவ் முறையில், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குறுகிய குழாயாக விடும் முறையில், அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அன்று 128 கிலோ, இன்று காலை 97. சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

என் அப்பா கோலி சோடா போட்டு விற்றவர். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. இரும்புச் சட்டத்தில் பாட்டில்களைப் பொருத்தி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற வாயு தண்ணீரில் கரையும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி உருண்டு வந்து கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் டக்கென்று உட்காரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கைப்பிடி என் கையில்தான் இருக்கும். அப்பா காலமாகி 2 ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையை இப்போது தம்பி நடத்துகிறான்.

அடுத்த மாதம் அப்பாவின் திதி. படையலில் சோறு, கறி வகைகளோடு அவருக்குப் பிடித்த எலுமிச்சை உப்புச் சோடாவும் வைப்போம். படையல் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாய் குடிப்போம். போன ஆண்டு நான் குடித்தேன். இந்த ஆண்டு குடிக்கலாமா என்பதுதான் கேள்வி.

மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளில் "வாயு நிரப்பிய பானங்கள் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் கூடாது, எத்தனை மாதம் கூடாது என்று இல்லை. கேட்டபோது, "வயிறு விரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டிக் கொடுத்தவனுக்குக் காரணத்தை முழுதாகச் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்னமராவதி அக்கா (பைபாஸ், 4 ஆண்டுகள்)

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குச் செய்தது பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்குச் சின்னப் பை ஒன்றை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள்.

11ஆம் மாதம் அக்கா மகள் திருமணம். மண்டப வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் ஆரஞ்சு நிறப் பானம் சின்னச் சின்ன பாட்டிலில் கொடுத்தார்கள். நல்ல வெயில், தாகம். பாதி பாட்டிலைக் குடித்துவிட்டேன். முதலில் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்ததுபோல அடைத்தது. ஏப்பம் வந்தது, சற்றுத் தேவலை என்று எழுந்தேன். கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, ரவிக்கை வியர்வையில் நனைந்துபோனது, வயிறு கலக்கியது. மணமகள் அறையில் பாய் விரித்துப் படுத்தேன். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. தூக்கி வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் கை நடுக்கம், கண் இருட்டல்.

பிறகுதான் மருத்துவர் விளக்கினார். இதை டம்பிங் என்பார்கள். இரைப்பையின் கீழ்வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய சர்க்கரைத் தண்ணீர் மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டுகிறது. குடல் உடம்பிலுள்ள நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. முதலில் வந்த படபடப்பு அதனால். அப்புறம் ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது, சர்க்கரை சரிகிறது. இரண்டாவது முறை வந்த நடுக்கம் அதனால்.

உங்களுடையது ஸ்லீவ், கீழ்வாசல் அப்படியே இருக்கிறது. அதனால் எனக்கு வந்த அளவுக்கு உங்களுக்கு வராமல் போகலாம். ஆனாலும் இனிப்புச் சோடா பக்கமே போகாதீர்கள்.

கோவை 2019 (ஸ்லீவ்)

நண்பரே, குடிக்காதீர்கள். ஒரு வாய்கூட வேண்டாம். நான் 2019இல் ஸ்லீவ் செய்துகொண்டு 41 கிலோ குறைத்தவன். அதில் 23 கிலோ திரும்பி வந்துவிட்டது. எல்லாம் ஒரு வாய் கோலாவில்தான் ஆரம்பித்தது. மகனின் பிறந்தநாள், அவன் தம்ளரிலிருந்து ஒரு வாய். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என்னைக் கெடுத்தது. அடுத்த வாரம் அரைத் தம்ளர். ஓராண்டில் தினமும் மாலை 600 மில்லி பாட்டில் ஒன்று என் மேசையில் இருந்தது. வாயு என் வயிற்றை விரித்துவிட்டது. முதல் ஆண்டில் ஒரு இட்லிக்கு மேல் இறங்காது, இப்போது நான்கு இறங்குகிறது. செய்த செலவு, பட்ட வலி, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விழித்த இரவுகள் எல்லாவற்றையும் அந்தப் பாட்டிலில் கொட்டிவிட்டேன்.

ஈரோடு பொறியாளர் (மனைவிக்கு ஸ்லீவ், 2 ஆண்டுகள்)

கோவை நண்பரின் வேதனை புரிகிறது. ஆனால் காரணத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தவறான காரணத்தை நம்பினால் தவறான இடத்தில் காவல் இருப்போம்.

பெரிய ஆலைகளில் நிரப்பும் கோலா வகைகளில், திரவத்தின் அளவைப்போல மூன்று நான்கு மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கும். 200 மில்லி பானத்திலிருந்து எல்லா வாயுவும் வெளிவந்தால் 600 முதல் 800 மில்லி ஆகும். ஸ்லீவ் செய்த இரைப்பையின் கொள்ளளவோ 100 முதல் 150 மில்லிதான். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த வாயு முழுவதும் ஒரே நேரத்தில் வயிற்றில் நிற்பதில்லை. திறக்கும்போதும் ஊற்றும்போதும் ஒரு பங்கு போய்விடுகிறது. ஏப்பமாக ஒரு பங்கு. மிச்சம் குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது.

ஸ்லீவ் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் அகலமாவது உண்டு. அறுவையில் குழாயை எந்த அகலத்துக்கு விட்டார்கள், தினமும் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று அதற்குப் பல காரணங்கள். சோடா வாயுதான் அதை விரிக்கிறது என்று இதுவரை யாரும் உறுதியாக நிறுவவில்லை. கோவை நண்பரே, நீங்கள் குடித்த 600 மில்லியில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏறக்குறைய 250 கலோரி. நான்கைந்து இட்லிக்குச் சமம். இட்லி வயிற்றை நிரப்பி நிறுத்தும். திரவம் நிற்காமல் இறங்கிவிடும். உங்கள் 23 கிலோவில் பெரும் பங்கு வாயுவால் வந்ததல்ல, அந்தச் சர்க்கரையால் வந்தது என்பதே என் எண்ணம்.

கோவை 2019

எப்படி வந்தது என்பதைவிட வந்துவிட்டது என்பதுதானே எனக்கு மிச்சம். ஆனாலும் நீங்கள் சொன்னது உறைக்கிறது. வயிறே விரிந்துவிட்டது, இனி என்ன செய்து என்ன என்றுதான் இவ்வளவு நாளும் தொடர்ந்து குடித்தேன்.

வார்டு செவிலி (திருச்சி, 12 ஆண்டு அனுபவம்)

கோவை ஐயா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன். "வயிறு விரிந்துவிடும்" என்று நாங்கள் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புவதால் வருகிற கேடு இதுதான். பயத்தில் சிலர் தண்ணீரே குடிக்கப் பயப்படுகிறார்கள். ஒருமுறை மீறியவர்கள், எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடுகிறார்கள். வார்டில் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

சோடாக்கடை ஐயா, நீங்கள் கேட்ட காரணங்களைச் சொல்கிறேன். இரைப்பையின் மேற்பகுதியில் இடப்பக்கம் குவிந்த கூரைபோல ஓர் இடம் உண்டு. விழுங்கிய காற்று ஏறி நிற்பது அங்கேதான். தேவைப்பட்டால் நெகிழ்ந்து இடம் கொடுப்பதும் அந்தப் பகுதிதான். ஸ்லீவில் வெட்டி எடுப்பது முக்கியமாக அதைத்தான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கே சுரக்கிறது என்பதால் பசியும் குறைகிறது. எஞ்சியிருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குறுகிய குழாய். அது அவ்வளவாக நெகிழாது. கீழ்வாசல் பெரும்பாலும் இறுகியே இருக்கும். உள்ளே வாயு கிளம்பினால் போகிற வழி மேலேதான். வலி, குமட்டல், அமிலம் தொண்டைக்கு ஏறுவது எல்லாம் அதனால் வருகின்றன. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு நெஞ்சரிச்சல் ஏற்கெனவே தொல்லை தருகிற விஷயம்.

உங்களுக்கு அறுவை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் தோள்பட்டை வலித்திருக்கும், நினைவிருக்கிறதா? லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை, செய்யும்போது வயிற்றறையை ஊதிப் பெரிதாக்க நாங்கள் நிரப்புவதும் கரியமில வாயுதான். எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். உங்கள் பட்டறைச் சிலிண்டரில் இருப்பதும் அதே வாயு. உடம்பு அதைக் கரைத்து வெளியேற்றிவிடும், ஆனால் அதுவரை வலிக்கும்.

எவ்வளவு காலம் என்றால், முதல் சில மாதங்களுக்குக் கண்டிப்பாகக் கூடாது. தையல் ஆறும் காலம் அது, வாந்தியோ ஓங்கரிப்போ அப்போது நல்லதல்ல. அதற்குப் பிறகும் பல மருத்துவர்கள் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்பார்கள். சிலர் ஓராண்டுக்குப் பின் ஆளைப் பொறுத்து அனுமதிப்பார்கள். உங்களுக்கு நெஞ்சரிச்சல் இருக்கிறதா, மாத்திரை எடுக்கிறீர்களா என்று தெரியாமல் குடியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அறுவை நிபுணரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதைப் படிக்கும் புதியவர்களுக்கு ஒன்று. அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில் கடும் வயிற்று வலி, காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே வேகமாக அடிக்கும் நாடி, இவற்றில் எது வந்தாலும் வாயுத் தொல்லை என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். தையல் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த மாதமானாலும் நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றாலும் வர வேண்டும், தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும்.

கிள்ளான் மகள் (மலேசியா, அம்மாவுக்கு பைபாஸ், 5 மாதம்)

செவிலி அக்காவுக்கு நன்றி. சோடா என்றால் கடைச் சோடாவை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாட்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் டின்னில் அடைத்த உப்புச்சத்துப் பானத்தைக் கையோடு கொண்டு வருவார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்கும் அதைத்தான் குடிக்கச் சொல்வார்கள். அம்மாவும் சத்து என்று நினைத்துக் குடித்தார். மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். மறுநாள்தான் டின்னைத் திருப்பிப் படித்தேன். வாயு நிரப்பியது, சர்க்கரையும் உண்டு. மருந்தாகவே பழகிய பொருளில் யார் அதைத் தேடுவார்கள்?

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரைகளும் அப்படித்தானே?

வார்டு செவிலி

ஆம், அவையும்தான். வயிற்று மந்தத்துக்கு நம் வீடுகளில் கலக்கிக் குடிக்கும் நுரைக்கும் உப்புப் பொடியும் சேர்த்தி. சமையல் சோடாவும் அமிலமும் தண்ணீரில் சேர்ந்து வாயுவைக் கிளப்புவதுதான் அந்த நுரை. "சாப்பிட்டது செரிக்கவில்லை, ஒரு சோடா உடைத்துக் குடி" என்பது நம் ஊர் வழக்கம். ஏப்பம் வந்தால் வயிறு இறங்கிவிட்டதாக நம்புகிறோம். அந்த ஏப்பம் இப்போது உள்ளே போன சோடாவின் வாயுதான்.

அம்மாவுக்கு வைட்டமின், கால்சியத்தை மென்று தின்னும் வடிவிலோ சாதாரண மாத்திரையாகவோ கேட்டு வாங்குங்கள். நுரைக்கிறது என்பதற்காக மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர், மோர், வடிகட்டிய ரசம், சீரகத் தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒன்றரை லிட்டராவது, மிடறு மிடறாக. சாப்பாட்டோடு வேண்டாம், சாப்பிட்டு அரைமணி கழித்து. உறிஞ்சுகுழல் வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். தண்ணீர் போதாமல் மயங்கி மறுபடி சேர்க்கப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

திருப்பூர் 33 (ஸ்லீவ், 1 ஆண்டு)

சர்க்கரை இல்லாத கோலா குடிக்கலாமா? பிறகு, நிறுவன விருந்தில் ஒரு பீர்?

ஈரோடு பொறியாளர்

சர்க்கரை இல்லாததில் கலோரிப் பிரச்சினை இல்லை, ஆனால் அமிலம், காஃபீன், வாயு மூன்றும் அப்படியே இருக்கின்றன. என் மனைவி அதைக் குடித்துவிட்டு இரவில் தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்கினார். இரண்டாம் முறைக்குப் பிறகு விட்டுவிட்டார்.

பொன்னமராவதி அக்கா

பீரைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி, என் கூடவே பைபாஸ் செய்துகொண்ட ஒருவரைக் கண்ணால் பார்த்தவள். இந்த அறுவைக்குப் பிறகு மது ரத்தத்தில் சட்டென்று ஏறும், முன்பைவிடக் கொஞ்சமே போதும். சோற்றின் மேலிருந்த ஆசை குப்பியின் மேல் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அவருக்கு அப்படித்தான் ஆனது. பீரில் வாயு இருக்கிறது என்பது அங்கே கடைசிக் கவலை. விருந்தில் எலுமிச்சைச் சாற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு பொறியாளர்

சோடாக்கடை அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒன்று மனதில் நின்றுகொண்டே இருந்தது. படையலில் சோடாவை வைக்கும்போது பாட்டிலை மூடியபடி வைப்பீர்களா, உடைத்து வைப்பீர்களா?

சோடாக்கடை மகன்

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். மருத்துவமனையில் 5 நிமிடத்தில் கிடைத்திருக்க வேண்டியது இங்கே கிடைத்தது.

ஈரோடு தம்பி, உடைத்துத்தான் வைப்போம். மூடிய பாட்டிலை வைத்தால் அப்பா எப்படிக் குடிப்பார்? உடைத்து, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு, அவருடைய எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி வைப்போம். காகம் வந்து சோறெடுத்த பிறகுதான் எடுப்போம். அரைமணி, சில நேரம் ஒரு மணிகூட ஆகும்.

ஈரோடு பொறியாளர்

அப்படியானால் போன ஆண்டு திதியில் நீங்கள் குடித்தது சோடாவே அல்ல. மதுரைப் பக்கத்து வெயிலில் அகன்ற தம்ளரில் ஒரு மணி நேரம் நின்ற சோடாவில் வாயு பெரும்பாலும் போயிருக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் வாயு தங்காது. ஒரு கரண்டியால் நன்றாகக் கலக்கினால் மிச்சமும் போய்விடும். அப்புறம் அது எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீர்தான்.

வார்டு செவிலி

சர்க்கரை சேர்க்காமல், கலக்கி வாயு போன பிறகு, ஒரு வாய் என்றால் என் அச்சம் பெரும்பாலும் தீர்ந்தது. எலுமிச்சைப் புளிப்பு உங்களுக்கு நெஞ்சரிச்சல் தருகிறதா என்பதை முன்னரே வீட்டில் சாதாரணத் தண்ணீரில் பிழிந்து பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கோவை ஐயா, நீங்கள் இருக்கிறீர்களா? 600 மில்லியை நிறுத்தும்போது முதல் சில நாள் தலைவலி வரும். காஃபீன் நின்றதால் வருவது, அதற்காகத் திரும்பப் போகாதீர்கள். உங்கள் மருத்துவமனையில் உணவு ஆலோசகரை ஒருமுறை பாருங்கள். எடை திரும்பியவர்களை நாங்கள் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை.

சோடாக்கடை மகன் (4 வாரம் கழித்து)

நேற்று திதி முடிந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். நெஞ்சரிச்சல் இல்லையென்றால் அந்த ஒரு வாய்க்குத் தடையில்லை, பட்டறையிலிருந்து அப்படியே எடுத்துக் குடிப்பது மட்டும் கூடாது என்றார்.

தம்பிதான் சோடாவை உடைத்தான். கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளினான். அந்தச் சீறலைப் பக்கத்தில் நின்று கேட்டேன். தம்ளரில் ஊற்றியதும் நுரை விளிம்புவரை ஏறி இறங்கியது. எலுமிச்சை விதை ஒன்று குமிழிகளோடு மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தது. காகம் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் விதை அடியில் தங்கிவிட்டது. நான் கரண்டியால் கலக்கினேன். அம்மா ஏன் என்று கேட்டார், சொன்னேன். "உன் அப்பாவும் கடைசி வருடம் வாயு போன பிறகுதானடா குடித்தார், அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். இது எனக்கு இதுவரை தெரியாது.

ஒரு வாய் குடித்தேன். கைக்கும் வாய்க்கும் அந்தத் தம்ளரின் சில்லிப்பு தெரிந்தது. வலியில்லை, ஏப்பமில்லை, இரவு நெஞ்சரிச்சலும் இல்லை.

மாலையில் தம்பிக்குக் கோயில் கொடைக்காக 4 பெட்டி போட வேண்டியிருந்தது. கைப்பிடியை நான் வாங்கிக்கொண்டேன். போன ஆண்டு ஒரு பெட்டி முடிவதற்குள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று 4 பெட்டியையும் நானே சுற்றினேன்.

கோவை 2019

இன்றோடு 19 நாள், பாட்டில் வாங்கவில்லை. தலைவலி முதல் 4 நாள் இருந்தது, செவிலி அம்மா சொன்னபடியே போய்விட்டது. மாலையில் மேசையில் மோர் வைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை உணவு ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், மனைவியும் கூட வருகிறாள்.